நடக்கும் தம்பூரா: ஜாஸ் இசையில் பேஸ் என்ன செய்கிறது?

பவானியிலிருந்து அந்தியூர் போகிற வழியில் எங்கள் ஊர். பங்குனி, சித்திரை வந்தால் சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் நோம்பி நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் இரண்டு மைல் தள்ளி நடக்கிற பாட்டுக் கச்சேரி காற்றோடு வரும். பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. சொல் ஒன்றுகூடப் பிடிபடாது. சோளக்காட்டைத் தாண்டி வந்து சேர்வது தும், தும் என்ற கனத்த ஒலி மட்டும்தான். அதை மட்டும் கேட்டுவிட்டு அம்மா "இது இந்தப் பாட்டுதான்" என்பார். முக்கால்வாசி நேரம் சரியாக இருக்கும்.

தாழ்ந்த ஒலி தூரம் போவதற்குக் காரணம் எளிதானது. கூரான ஒலிகளைக் காற்றும் மரமும் சுவரும் சீக்கிரம் தின்றுவிடும். கனத்த ஒலி தாக்குப்பிடிக்கும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு மினி பஸ்ஸின் நீளம். அவ்வளவு பெரிய அலையை ஒரு வேலியோ ஓட்டு வீடோ நிறுத்த முடியாது. சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் அம்மா பாட்டையே கண்டுபிடித்தாரே, அதற்கு இந்தக் காரணம் போதாது. அந்த அடி ஒலி எப்போது ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் காத்திருக்கிறது என்பதிலேயே பாட்டின் போக்கு முழுக்க இருக்கிறது. நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ஏழு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தேன். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாலு வருஷம் ஆனது. புரிய வைத்தவர் டேவ் ஹாலண்ட் என்கிற ஆங்கிலேய ஜாஸ் கலைஞர். ஜாஸ் பக்கமே போகாதவர்களுக்கு, பேஸ் என்பது என்ன வேலை, அந்த வேலை செய்கிறவர்களில் இத்தனை பேர் எப்படி இசையமைப்பாளர்களாகவும் ஆகிறார்கள் என்பதை அவருடைய வாழ்க்கையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜாஸ் என்ற சொல்லே பலரைத் தள்ளி நிற்க வைக்கிறது. ஆனால் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அதன் அமைப்பு அந்நியமே இல்லை. அமெரிக்காவின் தெற்கில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடமிருந்து 1900-ஐ ஒட்டிய காலத்தில் உருவாகி வந்த இசை அது. பொதுவாக ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். அப்புறம் அந்த மெட்டுக்கு அடியில் ஓடிய சுற்று அப்படியே திரும்பத் திரும்ப ஓடும். அதன் மேல் ஒவ்வொருவராக அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் ஊரில் மனோதர்மம் என்று சொல்வதுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நமக்கு ராகமும் தாளமும் எல்லை கட்டுகின்றன. அவர்களுக்குத் தாளத்தோடு சேர்ந்து 'கார்ட்' என்ற ஒன்று எல்லை கட்டுகிறது. மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது ஒரு கார்ட். ஒரு ஜாஸ் பாட்டின் சுற்று என்பது இப்படிப்பட்ட கார்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே போகும் வரிசை.

இந்த இடத்தில்தான் பேஸ் வருகிறது. சொன்னால் புரியாது, கையால் செய்து பார்க்க வேண்டும். செல்போனில் கீபோர்டு செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கறுப்புக் கட்டை ஜோடியாக இருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டையை ச என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று வெள்ளைக் கட்டைகளை வலக்கையால் சேர்த்து அழுத்துங்கள். ச, க, ப. இதைப் பிடித்தபடியே, இடக்கையால் கீழ் ஸ்தாயியில் அதே ச-வை அழுத்துங்கள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி நிறைவாக இருக்கும்.

இப்போது வலக்கையை நகர்த்தாதீர்கள். கீழே மட்டும் மாற்றுவோம். கறுப்புக் கட்டை மூன்று சேர்ந்திருக்கும் கூட்டத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். அது த. மேலே அதே மூன்று சுரங்கள்தான், ஆனால் மொத்த ஒலியிலும் ஒரு ஏக்கம் இறங்கியிருக்கும். அடுத்து அந்த மூன்று கறுப்புக் கட்டைக் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைக் கட்டை, ம. அதை அழுத்தினால் ஒலி திறந்துகொள்ளும், ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மாதிரி.

மேலே இருப்பவர் எதையுமே மாற்றவில்லை. அடியில் ஒரே ஒரு சுரம் நகர்ந்ததும் மேலே இருந்த மூன்றின் பொருளும் மாறிப்போனது. பேஸ் வாசிப்பவரிடம் இருக்கிற அதிகாரம் இதுதான். பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்பதற்கு அர்த்தம் சொல்கிறவர் அவர்.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைக் கிரகபேதம் என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆதாரமாக்கினால் ஹிந்தோளம். சுரம் மாறவில்லை, நிற்கிற தரை மாறியது. ஆனால் நம் கச்சேரியில் தம்பூரா ஒருபோதும் நகராது. கிரகபேதத்தைப் பாடகர் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் தம்பூராவின் ச-வுக்குத் திரும்பி வந்துவிடுவார். ஜாஸில் அந்தத் தம்பூராவே எழுந்து நடக்கிறது. தரையே நகர்கிறது, மேலே இருப்பவர்கள் அதற்கேற்பக் காலை எடுத்து வைக்கிறார்கள். ஜாஸ் கேட்கும்போது முதலில் தலை சுற்றுவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். நம் காது நிலையான ஒரு ச-வைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அதைத் தேடுவதை விட்டுவிட்டு, நடக்கிறவர் பின்னால் போனால் எல்லாம் தெளிந்துவிடும்.

நடப்பது என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அந்த வாசிப்பு முறைக்குப் பெயரே 'வாக்கிங் பேஸ்'. நாலு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம் வீதம், இடைவெளி இல்லாமல் அடி எடுத்து வைப்பது. முதல் எண்ணிக்கையில் பெரும்பாலும் அந்தக் கார்டின் ஆதார சுரம் விழும். கடைசி எண்ணிக்கை அடுத்த கார்டின் வாசல்படி. மேலே செய்த சோதனையையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆவர்த்தனம் ச-வின் கார்ட், அடுத்தது ம-வின் கார்ட் என்றால், நான் இப்படி நடப்பேன்: ச, க, ப, பிரதி மத்யமம் (ம-வுக்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்புக் கட்டை). அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடி சுத்த மத்யமத்தில், அதாவது நாம் அழுத்திய அதே ம-வில். அந்தப் பிரதி மத்யமம் ச-வின் கார்டில் இல்லாத சுரம். ஆனால் சேரவேண்டிய இடத்துக்கு அரை சுரம் தள்ளி நின்று காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஜாஸில் அடிக்கடி வரும் புளூஸ் என்ற பாட்டு வகையின் 12 ஆவர்த்தனச் சுற்று ஒன்றில் இப்படி 48 அடி. ஒரு பாட்டுக்குள் இருபது சுற்று ஓடலாம். எதையும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் 'அடுத்து எங்கே, எந்த வழியாக' என்ற முடிவு எடுக்கப்படுகிறது. மேடையின் ஓரத்தில் நின்று அந்த மனிதர் ராத்திரி முழுக்க இசையமைத்துக்கொண்டிருக்கிறார்.

வாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம். டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கும் மேலே, சுமார் 6 அடி. வயலின் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மேலைச் செவ்விசையில் பெரும்பாலும் வில்லால் வாசிப்பார்கள், ஜாஸில் பெரும்பாலும் விரலால் சுண்டுவார்கள். நாலு தந்திகள். ஒரு தந்திக்கும் அடுத்ததுக்கும் ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம். கிட்டாரில் இருக்கும் உலோகக் கட்டங்கள் இதில் கிடையாது. விரல் ஒரு நூல் விலகினாலும் சுருதி போய்விடும். நம் நோம்பி மேடைகளில் பார்க்கிற மின்சார பேஸ் கிட்டார் வேறு. அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-ல் கட்டங்களோடு சந்தைக்குக் கொண்டுவந்த வாத்தியத்தின் வழிவந்தது அது. தோளில் மாட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்செல்லில் போய்விடலாம். டபுள் பேஸுக்கு ஒரு டெம்போ வண்டி வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு ராத்திரி பாட்டின் நடுவில் என் பேஸின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் நின்றுபோனது. கீபோர்டு இருந்தது, டிரம்ஸ் இருந்தது, தபேலா இருந்தது. பாட்டு நிற்கவில்லை. ஆனால் பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் கால் தடுமாறியது. எதனால் என்று அவர்களுக்கே தெரியாது. கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "ஏங் கண்ணு, நடுவுல பாட்டு நொண்டுச்சே, என்னாச்சுங்?" பேஸ் என்ற சொல்லே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு கால் இல்லாமல் போனது தெரிந்திருக்கிறது.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஜமக்காளம் நெய்தவர். பவானி ஜமக்காளத்தைப் பார்த்திருப்பீர்கள், பட்டை பட்டையாக நிறம். அந்த நிறம் மொத்தமும் குறுக்கே ஓடும் ஊடை நூல். நெடுக்கே ஓடும் பாவு நூலை அது முழுக்க மூடிவிடும். "பாவு தெரியுதுன்னா ஊடையை நல்லா அடிக்கலைன்னு அர்த்தங் கண்ணு" என்பார். ஆனால் விரிப்பின் அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, எத்தனை இறுக்கம் தாங்கும் என்பதெல்லாம் பாவு ஓட்டும்போதே தீர்மானமாகிவிடும். குழித்தறியில் உட்கார்ந்து நிறம் போடுகிறவர் அந்த எல்லைக்குள்தான் போட முடியும். பேஸ் வாசிக்கிறவருடைய இடம் இது என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் அவர் ஒருநாள் 'விரிப்பையே நான் வடிவமைக்கிறேன்' என்று கிளம்பும்போது ஆச்சரியமாக இருப்பதில்லை.

இனி ஹாலண்ட்.

டேவ் ஹாலண்ட் 1946 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரத்தில் பிறந்தார். நாலு வயதில் யுகுலேலே என்ற குட்டி வாத்தியத்தில் தொடங்கி, கிட்டார், பிறகு பேஸ் கிட்டார், எல்லாம் தானாகவே கற்றது. 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, அன்றைய பிரபலப் பாட்டுகளை வாசிக்கிற ஒரு குழுவில் தொழிலுக்குப் போனார். சரியாகச் சொன்னால் நம் மெல்லிசைக் குழுக்காரர்களின் தொடக்கம்தான் அவருக்கும்.

திருப்பம் ஒரு பத்திரிகையால் வந்தது. 'டவுன்பீட்' என்ற ஜாஸ் இதழில் சிறந்த பேஸ் கலைஞராக ரே பிரவுன் என்பவர் தேர்வாகியிருந்ததைப் பார்த்தார். கடைக்குப் போய், பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனுடன் ரே பிரவுன் வாசித்த ஒலித்தட்டுகளை வாங்கினார். கூடவே லெராய் வினிகர் என்பவரின் தட்டுகள் இரண்டு. அவற்றை வாங்கியதற்குக் காரணம், அட்டைப் படத்தில் அவர் பேஸோடு நின்றுகொண்டிருந்தார் என்பதுதான். வினிகரோ வாக்கிங் பேஸுக்கே பேர்போனவர். ஒரு வாரத்துக்குள் ஹாலண்ட் தன் பேஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு டபுள் பேஸ் வாங்கிவிட்டார். அந்தத் தட்டுகளைப் போட்டுக்கொண்டு கூடவே வாசித்துப் பழகினார்.

1964-ல் லண்டனுக்குக் குடிபோனார். அங்கே ஜேம்ஸ் மெரெட் என்ற செவ்விசை பேஸ் ஆசிரியரிடம் இசைக்குறிப்பைப் பார்த்தவுடனே வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய பரிந்துரையில் கில்டுஹால் இசைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பகலில் பள்ளி, ஒலிப்பதிவுக் கூடங்கள், ராத்திரியில் ரானி ஸ்காட் கிளப்பில் ஜாஸ். காதால் கற்றதும் தாளில் கற்றதும் இப்படி ஒரே ஆளுக்குள் சேர்ந்ததைத்தான் பின்னாளில் அவர் எழுதிய இசையில் நான் கேட்கிறேன்.

1968-ல் அந்தக் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் குழுவுக்கு முன்னால் வாசித்த ஒரு சின்னக் குழுவில் அவர் இருந்தார். அன்று கேட்க வந்திருந்தவர் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். ஜாஸ் உலகத்தில் அதைவிடப் பெரிய பெயர் அப்போது குறைவு. தன் குழுவுக்கு ஹாலண்ட் வேண்டும் என்று மைல்ஸ் சொல்லி அனுப்பினார், நேரில் பேசுவதற்குள் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது: மூன்றே நாளில் நியூயார்க்கில் இருக்க வேண்டும். ஹாலண்ட் போய் இறங்கிய மறுநாள் மேடை. அவர் போய் நின்ற இடம் அதுவரை ரான் கார்ட்டர் நின்ற இடம். 2,200-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் வாசித்து, ஜாஸில் அதிகம் பதிவான பேஸ் கலைஞர் என்று கின்னஸில் பெயர் பெற்றவர் கார்ட்டர். ஹாலண்டுக்கு அப்போது 21 வயது.

கார்ட்டரின் அந்த 2,200 என்ற எண்ணிக்கையே பேஸ் வாசிப்பவரின் பிழைப்பைப் பற்றி ஒன்று சொல்கிறது. டிரம்பெட் இல்லாத குழு உண்டு, பாட்டுக்காரர் இல்லாத குழு உண்டு. பேஸ் இல்லாத குழு அபூர்வம். அதனால் நல்ல பேஸ் கலைஞருக்கு வேலை ஓயாது. ஆனால் எல்லாம் அடுத்தவருடைய இசைக்கு. தட்டின் முகப்பில் பெயர் வராது. பல பேர் அதிலேயே மனநிறைவோடு வாழ்கிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மைல்ஸிடம் ஹாலண்ட் இரண்டு வருஷம் இருந்தார். 1969 ஆகஸ்டில் பதிவான மைல்ஸின் 'பிட்சஸ் பிரூ' தட்டு அந்தக் காலத்தில்தான். பல கீபோர்டுகள், ஒன்றுக்கு மேல் டிரம்ஸ், ஹாலண்டோடு இன்னொரு மின்சார பேஸ், ஜான் மெக்லாக்லின் கிட்டார் என்று பெரிய கூட்டம். அத்தனை பேர் ஒரே நேரத்தில் அலையும்போது அடியில் ஒரு சின்னச் சுழலைப் பிடித்துக்கொண்டு நிற்பது பேஸின் பொறுப்பாகிறது. இந்த மெக்லாக்லின்தான் சில வருஷம் கழித்து நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபேலாவோடும் 'சக்தி' குழுவில் வாசித்தவர்.

1970-ல் ஹாலண்ட் மைல்ஸை விட்டு விலகினார். உலகப் புகழ் பெற்ற குழுவிலிருந்து வெளியேறி, பியானோ கலைஞர் சிக் கொரியாவோடு சேர்ந்து 'சர்க்கிள்' என்ற, கூட்டம் சேராத, முழுக்க முழுக்கச் சுதந்திரமான வாசிப்புக் குழுவைத் தொடங்கினார். அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1972 நவம்பரில் பதிவாகி மறு ஆண்டு வெளியான 'கான்ஃபரன்ஸ் ஆஃப் தி பேர்ட்ஸ்', அதாவது பறவைகளின் மாநாடு, தலைவராக அவருடைய முதல் பெரிய தட்டு. பாட்டுகள் எல்லாம் அவர் எழுதியவை. பெயருக்குக் காரணம் அவரே சொன்னது: லண்டனில் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் கோடை விடியலில் பறவைகள் கூடிப் பாடும். ஒவ்வொன்றும் தன் சுதந்திரத்தைப் பாட்டில் சொல்லும்.

இந்தத் தட்டில் கவனிக்க வேண்டியது, யார் இல்லை என்பதுதான். ஹாலண்டின் பேஸ், பேரி ஆல்ட்ஷுலின் தாள வாத்தியங்கள், சாம் ரிவர்ஸ், ஆந்தனி பிராக்ஸ்டன் இருவரின் ஊது வாத்தியங்கள். பியானோ கிடையாது, கிட்டாரும் கிடையாது. கார்ட் வாசிக்க ஆளே இல்லை. நாம் கீபோர்டில் வலக்கையால் பிடித்துக்கொண்டிருந்தோமே, அந்தக் கை எடுக்கப்பட்டுவிட்டது. கீழே ஒரு சுரம், மேலே இரண்டு குழல்கள், அவ்வளவுதான். நடுவில் இருக்க வேண்டிய கார்டைக் கேட்பவரின் காது தானே நிரப்பிக்கொள்கிறது. அடியில் விழும் ஒவ்வொரு சுரமும் 'இப்போது எந்த நிறம்' என்பதைத் தனியாளாகத் தீர்மானிக்கிறது. பியானோ இருந்தால் அந்தத் தீர்மானத்தில் பாதி அதனிடம் போயிருக்கும்.

இது ஒருமுறை செய்த சோதனையாக நின்றுவிடவில்லை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அவர் நடத்திய ஐவர் குழுவில் சாக்ஸபோன், டிராம்போன், டிரம்ஸ், பேஸ், கூடவே வைப்ரஃபோன் என்ற உலோகக் கட்டை வாத்தியம். வைப்ரஃபோனால் கார்ட் வாசிக்க முடியும், ஆனால் பியானோ மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளாது. அப்புறம் 13 பேர் கொண்ட பெரிய குழு. அதிலும் பியானோ இல்லை. அந்தக் குழுவின் 'வாட் கோஸ் அரவுண்ட்', 'ஓவர்டைம்' என்ற இரண்டு தட்டுகளுக்கும் கிராமி விருது வந்தது. இடையில் 1977-ல் வேறு யாருமே இல்லாமல் தனி பேஸை மட்டும் வைத்து ஒரு முழுத் தட்டு பதிவு செய்தார். 2005-ல் தன் இசையைத் தானே வெளியிட 'டேர்2' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். 2017-ல் அமெரிக்காவின் 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம். விருதுகளைவிட அந்தக் காலி நாற்காலிதான் எனக்கு முக்கியம்: ஐம்பது வருஷமாகப் பல குழுக்களில் பியானோ இருக்க வேண்டிய இடத்தை அவர் காலியாக விட்டுக்கொண்டே வருகிறார்.

பேஸிலிருந்து இசையமைப்புக்குப் போன முதல் ஆள் அவர் இல்லை. 1922-ல் பிறந்து 1979-ல் மறைந்த சார்ல்ஸ் மிங்கஸ் இந்த வழியின் பெரிய மூப்பர். அவர் பல சமயம் தாளில் எழுதிக் கொடுக்காமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைப் பாடியும் வாசித்தும் காட்டிப் பாடம் ஏற்றுவார். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் பின்பாட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கிற முறைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. நம் காலத்தில் எஸ்பெரான்சா ஸ்பால்டிங் இருக்கிறார். பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறவர், 2011-ல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமியை வாங்கிய முதல் ஜாஸ் கலைஞர். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்த பேஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓ, தந்தி வாத்திய நால்வர் குழுவைச் சேர்த்து எழுதிய இசையைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஹாலண்டிடம் நம் காதுக்கு இன்னொரு நெருக்கமும் இருக்கிறது. அவர் எழுதும் பாட்டுகளில் பல நாலு எண்ணிக்கையில் அடங்காதவை. ஐந்து, ஏழு என்று போகும். நாலில் பழகிய மேலைநாட்டுக் கேட்பவர்கள் இதைக் கடினம் என்பார்கள். நமக்கு அது கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும். தக தகிட என்றால் ஐந்து, தகிட தகதிமி என்றால் ஏழு. இப்படிப்பட்ட பாட்டுகளில் எண்ணிக்கைக்கு ஒன்று என்று நடக்கிற முறை அவ்வளவாகச் சரிப்படாது. ஆகவே பேஸ் ஒரு குறுஞ்சொற்கட்டு மாதிரி ஒரு சுழலைப் பிடித்துக்கொள்ளும். கோயில் முன்னால் துடும்பு அடிக்கிறவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு மற்றவர்களை விளையாட விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது போல. சுழல் ஏழாக இருந்தால் மேலே வாசிப்பவர் நாலாகவும் மூன்றாகவும் எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அடியில் கணக்கு பத்திரமாக இருக்கிறது.

2019-ல் ஜாகிர் உசேன், சாக்ஸபோன் கலைஞர் கிறிஸ் பாட்டர் இருவரோடும் சேர்ந்து ஹாலண்ட் வெளியிட்ட 'குட் ஹோப்' தட்டு இந்த இரண்டு ஆறும் கூடும் இடம். பேஸ், தபேலா, சாக்ஸபோன். மறுபடியும் பார்த்தால் கார்ட் வாத்தியம் இல்லை. ஜாகிர் இடக்கையால் டக்காவை, தபேலா ஜோடியில் பெரியதை, அழுத்தி இழுக்கும் கீழ் ஒலியும் ஹாலண்டின் தந்தியும் அருகருகே வரும் இடங்களில் எது தோல், எது தந்தி என்று ஒரு கணம் மயங்கும். ஜாகிர் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டார். அந்தத் தட்டை இப்போது கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடித்தந்தியின் அதிர்வை வெளியிடவே முடியாது, நீங்கள் தேடுவது அதில் இருக்காது. இயர்போன் போதும். 'பறவைகளின் மாநாடு' தட்டின் பெயர்ப் பாட்டில் தொடங்குங்கள். பேஸ் தனியாகத்தான் ஆரம்பிக்கும், அதனால் பிடித்துக்கொள்வது சுலபம். குழல்கள் நுழைந்ததும் காது மேலே ஓடும், அது இயல்பு. ஓடட்டும். இரண்டாம் முறை கேட்கும்போது மேலே என்ன நடந்தாலும் பேஸை விட்டு நகராமல் இருங்கள். அதன் சுரங்களை வாய்க்குள் முணுமுணுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது முறை இரண்டும் சேர்ந்து கேட்கும்.

போன சித்திரையில் ஐவர் குழுவின் தட்டு ஒன்றை உள்ளே அறையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையாக இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அம்மா வழக்கம்போல வாசல் கட்டிலில். பாட்டு முடிந்ததும் குரல் கொடுத்தார்.

"ஏங் கண்ணு, நடுவுல ஒரு எடத்துல அந்தத் தும்முன்னு வர்றது நின்னுபோச்சே. கரண்டு கிரண்டு போச்சா?"

கரண்ட் போகவில்லை. பாட்டைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். சாக்ஸபோன் உச்சத்தில் இருந்த இடத்தில் ஹாலண்ட் ஒரு சுற்று முழுக்கத் தந்தியைத் தொடாமல் இருந்திருக்கிறார். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, நான் அதைக் கவனித்ததே இல்லை.